மேஜருக்குப் புத்தி சொல்லப் போனேன்

ராணுவத்தைப் பற்றிப் பேச எங்கள் குடும்பம் என்னைத் தேர்ந்தெடுத்தது என்றால், குடும்பத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை என்று அர்த்தம். எனக்கும் ராணுவத்துக்கும் இருந்த ஒரே உறவு கல்லூரி நாட்களின் என்.சி.சி. அதிலும் அணிவகுப்பு முடிந்ததும் கொடுத்த பூரி கிழங்குக்காகச் சேர்ந்தவன் நான். இடது கால் எது, வலது கால் எது என்ற சந்தேகம் இன்றுவரை முழுசாகத் தீரவில்லை. பிறகு திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வரலாற்று ஆசிரியரானேன். பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் வருடா வருடம் ஒரே வாரத்தில் நடத்தி முடித்துவிடுகிறேன். பின் பெஞ்சில் சிலர் சாய்ந்து விழுவதைத் தவிர வேறு சேதம் இல்லை. ஓய்ந்த நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். படித்துச் சிரித்ததாக இதுவரை என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்.

என் அக்கா மகள் ராணுவத்தில் மேஜர். குறுகிய காலப் பணி என்று ஒன்று உண்டு, அதில் சேர்ந்தவள். பத்து வருடம் முடியப் போகிற நேரத்தில் இவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள். நிரந்தரமாக இருக்க விரும்புகிறாயா, கிளம்புகிறாயா? இருக்கிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரையும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் இவளை வைத்துக்கொள்வார்கள் என்று இவளுடைய மேலதிகாரியே சொல்லிவிட்டாராம். லீவு முடிந்து போனதும் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அக்காவுக்கு மகள் திரும்பி வர வேண்டும். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு திண்டிவனத்து வீட்டில் அவள் ஒருத்திதான். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி, சரக்குக் கிடங்குகளைப் பார்த்துக்கொள்ள இவளைக் கூப்பிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாத பெண் என்பதால் சர்ச்சில் அக்காவிடம் நலம் விசாரிப்பவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். ஆனால் அக்கா தானாகக் கேட்க மாட்டாள்.

"நான் கேட்டா எம் மூஞ்சியப் பாத்துகினே பதில் சொல்லும்டா அது. நீ கேளு. ஒன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் எதுவும் தோணாது."

இப்படித்தான் நான் தூதனானேன்.

மறுநாள் விழுப்புரத்தில் ராணுவ கேன்டீனுக்குப் போகிறேன், அம்மாவுக்கு ஒரு மிக்ஸி வாங்க வேண்டும், வருகிறீர்களா மாமா என்றாள் லீவில் வந்திருந்த அக்கா மகள். போனேன். எனக்கும் அந்தக் கேன்டீனில் கிடைக்கும் ஒரு திரவத்தின் மேல் நீண்ட நாள் ஈடுபாடு உண்டு. அதை இங்கே விரிவாக எழுத வேண்டாம். சர்ச் ஆட்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

காரை அவள் ஓட்டினாள். நான் முந்தின இரவு மனப்பாடம் செய்திருந்த பேச்சைத் திண்டிவனம் மேம்பாலத்தில் ஆரம்பித்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் முடித்தேன். தாய்மை, தனிமை, சென்னையின் வளர்ச்சி, ரோமப் பேரரசின் படைகள் ஊர் திரும்பாததால் வந்த கேடு எல்லாம் அதில் இருந்தன. அவள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். கேட்கும்போது லேசாகத் தலையாட்டினாள். அவளுடைய சிப்பாய்கள் எதையாவது உளறினால் இப்படித்தான் கேட்பாள் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"முடிஞ்சிதா மாமா?"

"ரோம் இன்னும் கொஞ்சம் இருக்கு."

"அப்பறம் சொல்லுங்க. அம்மா சொல்லிக் குடுத்ததுல ரோம் இல்லல்ல?"

தூதன் பிடிபட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள் என்றாள். ஏன் என்றேன்.

"கேட்டா எல்லாரும் குடும்பம்னுதான் சொல்வாங்க மாமா. அது பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா நெசமான காரணம் வேற. ஒருநாள் மேல இருக்கற ஆபிசரப் பாப்பாங்க. பெரிய பங்களா, ஒரு நாயி, தனியா ஒக்காந்து சாப்புட்டுகினு இருப்பாரு. எப்பப் பாரு கீழ இருக்கறவன்மேல எரிஞ்சு விழுவாரு. இன்னும் பத்து வருசத்துல நானும் இவராத்தான் ஆவேனான்னு ஒரு நெனப்பு வரும். அன்னிக்கே மனசுக்குள்ள பெட்டியக் கட்டிருவாங்க."

"இருக்கறவங்க?"

"சில பேருக்கு வெளில வாழத் தெரியாது. என்கூட ஒருத்தன், கரண்ட் பில்லு எங்க கட்டணும்னே தெரியாம இருக்கான். அவன் ஜெனரல் ஆவான் பாருங்க." சிரித்தாள். "மத்தவங்க ஏன் இருக்காங்கன்னு எனக்கும் சொல்லத் தெரியல மாமா. நானும் போறதுன்னுதான் நெனச்சிகினு இருக்கேன். தொண்ணூறு பர்சண்ட்."

என் பேச்சு வென்றுவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, போன மாதமே முடிவு பண்ணிட்டேன் என்று சேர்த்துச் சொன்னாள்.

அவளுடைய வேலை படைக்குச் சோறு போடுவது. அப்படிச் சொன்னால் சமையல் என்று நினைத்துவிடுவீர்கள்; நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பனிமலை உச்சியில் இருக்கும் காவல் இடங்களுக்குப் பாதை வருடத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கும். மூடுவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களுக்கு வேண்டிய அரிசி, மாவு, எண்ணெய், மண்ணெண்ணெய், மருந்து, தீப்பெட்டி, எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட வேண்டும். கொஞ்ச தூரம் லாரி, பிறகு கோவேறு கழுதை, பிறகு ஆள் முதுகு. எதையாவது மறந்தால் மறந்ததுதான். பனி உருகும்வரை ஒன்றும் செய்ய முடியாது.

"ஒரு வருசம் சக்கர கொஞ்சம் கம்மியாப் போச்சி. குளிர்காலம் பூரா ரேடியோவுல என்னைத் திட்டிகினே இருந்தாங்க. மரியாதையாத்தான். 'மேடம், இன்னிக்கும் டீ கசக்குது மேடம்'னு."

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீரும் நாளை நான் ஒரு முறைகூடச் சரியாகக் கணித்ததில்லை. சின்ன வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிய பெண், யாரோ ஒரு மலை உச்சி முழுவதன் பசியையும் தலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அதையும் தாமதமாக.

கேன்டீனில் நல்ல கூட்டம். அவள் வரிசையில் நின்றாள். நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முறுக்கு மீசையும் மீசைக்குப் போட்டியாகத் தொப்பையும் வைத்திருந்த ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"டேய்... நீயாடா? இன்னாடா இந்தப் பக்கம்? வாத்தியாருக்கு ஏதுடா கேன்டீன் கார்டு?"

வல்லம் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பள்ளியில் என்னோடு படித்தவர். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்று மூன்று நான்கு வருடம் ஆகிறது. அவர்கள் ஊர்த் தெரு. நாங்கள் காலனி. நிலம் அவர்களுடையது, களை எங்களுடையது என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், என் அக்கா கல்யாணத்துக்கு முந்திய நாள்வரை களை வெட்டினாள். ஒரே வகுப்பில் ஐந்து வருடம் படித்தும் அவர் என்னை டேய் என்றார். நான் அவரைக் கூப்பிடவே இல்லை. தேவைப்பட்டால் பக்கத்தில் போய் இருமுவேன்.

அக்கா மகளோடு வந்தேன் என்று வரிசையைக் காட்டினேன்.

"ஒங்கக்கா பொண்ணா? பரவால்லயே. மருமவன் பட்டாளத்துல இருக்கானா? இன்னா ரேங்கு, நாயக்கா?"

நாயக் என்றால் சிப்பாய்க்குச் சற்று மேலே, மேஜருக்கு வெகு கீழே. நான் பதில் சொல்வதற்குள் கவுண்ட்டரில் அவள் கார்டை நீட்டினாள். உள்ளே இருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "மேஜர் மேடம்! நீங்க இன்னாத்துக்கு மேடம் லைன்ல நின்னுகினு? சொல்லி அனுப்பிச்சா எடுத்து வெச்சிருப்பேனே."

என் பக்கத்தில் பெஞ்சு லேசானது. திரும்பினேன். சுபேதார் எழுந்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தொப்பை எங்கே போனது என்று தெரியவில்லை. கையில் அட்டைப்பெட்டி இருந்ததால் அதையும் சேர்த்து விறைப்பாக வைத்துக்கொண்டார். சினிமாவில் பார்த்த மாதிரி சல்யூட் ஏதாவது வரும் என்று பார்த்தேன். சாதாரண உடுப்பில் அது கிடையாதாம். "ஜெய்ஹிந்த் மேடம்!" என்றார். கேன்டீனில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெய்ஹிந்த் சாப்," என்றாள் என் அக்கா மகள். "நிக்காதீங்க, பொட்டிய வெச்சிட்டு ஒக்காருங்க."

இந்தச் சாப் விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும். சுபேதார் பதவியில் இருப்பவரை அதிகாரி சாப் என்றுதான் அழைக்க வேண்டும். நேற்று வந்த இருபத்திரண்டு வயது லெப்டினன்ட் ஆனாலும், எதிரில் இருப்பவர் தன் அப்பா வயதுக்காரர் என்பதை ஒவ்வொரு தடவையும் வாயால் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு உத்தரவு போட முடியும். மரியாதை இரண்டு பக்கமும் ஓடும் ஒரு ஏற்பாடு. எங்கள் கிராமத்தில் மரியாதை ஒருவழிப் பாதை. எதிரில் வந்தால் அபராதம்.

இப்போது சுபேதாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இந்த மேஜர் யாருடைய மகள், எந்தத் தெரு, எல்லாம். அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு நிமிடம் மீசை மட்டும் அசைந்தது. பிறகு விறைப்பு கொஞ்சமும் தளராமல் சொன்னார்:

"மேடம் திண்டிவனம் போறதுக்கு முன்ன நம்ம வீட்டாண்ட வரணும். சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

சுபேதார் வீட்டுக்குக் கூப்பிட்டால் அதிகாரி போயாக வேண்டும். மறுப்பது அவமானம் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதாம். எனக்கு அந்த வழக்கம் தெரியாது. எங்கள் கிராமத்து வழக்கம் தெரியும். அவசரமாக இருமினேன். யாரும் கவனிக்கவில்லை. "வர்றோம் சாப்," என்றாள் அவள். என் ஈடுபாட்டைப் பற்றி ஞாபகப்படுத்தக்கூட வாய்ப்பில்லாமல் கிளம்பினோம்.

காரில் ஏறும் இடத்தில் ஒரு போராட்டம்.

"மேடம் ஓட்ட, நான் ஒக்காந்துகினு வர்றதா? சாவிய குடுங்க மேடம்."

"என் வண்டி சாப். நான்தான் ஓட்டுவேன்."

"அப்ப நான் பின்னால."

அவர் பின்னால் போனதால் எனக்கு முன் சீட் கிடைத்தது. ஊர்த் தெருக்காரர் பின்னால் உட்கார நான் முன்னால் உட்கார்ந்து போன முதல் பயணம். கழுத்து அரித்துக்கொண்டே இருந்தது. செஞ்சி வரும்வரை அவர்கள் இருவரும் எனக்குப் புரியாத ஊர்களைப் பற்றி, புரியாத எழுத்துச் சுருக்கங்களில், பாதி இந்தியில் பேசிக்கொண்டே வந்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் வெளிநாட்டில் சந்தித்துக்கொண்ட மாதிரி ஒரு சந்தோஷம் இரண்டு பேர் குரலிலும். நடுவில் அவர் வீட்டுக்குப் போன் செய்து, "கோழி அடி, ஜல்தி" என்றார்.

வல்லத்துக்கு முன்னாலேயே கிளைச்சாலையில் திரும்பினோம். கிராமத்துக்குள் கார் நுழைந்தபோது என் கை தானாகச் செருப்பைத் தொட்டுப் பார்த்தது. இந்தத் தெருவில் அதைக் காலில் போட்டுக்கொண்டு நடந்து எனக்குப் பழக்கமில்லை. காலம் மாறிவிட்டது, இப்போது யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். காலுக்குத்தான் இன்னும் பாடம் நடத்தவில்லை.

புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு. வாசலுக்கு நேரே கூடத்தில், மர நாற்காலியில், சுபேதாரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். கிராமத்தில் பெரியவர் என்றால் அவர்தான். என் அப்பா அவர் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். துண்டு தோளில் இருந்து அக்குளுக்கு இறங்கிவிடும். பெரியவர் யார் வந்தும் எழுந்து நான் பார்த்ததில்லை. தாசில்தார் வந்தபோதுகூடக் கையைத்தான் நீட்டினார்.

சுபேதார் முதலில் வாசற்படி ஏறினார். உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பு மைதானத்தின் கடைசி மூலைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"அண்ணே! எழுந்திரு! மேடம் வர்றாங்க!"

மாடத்தில் இருந்த புறாக்கள் எழுந்தன. தெருவில் நாய் எழுந்தது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் நின்றேன்.

பெரியவர் எழுந்துவிட்டார்.

யார் மேடம் என்று தெரிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். அந்தக் குரல் காதில் நுழைந்து, மூளைக்குப் போகாமல், நேராக முழங்காலுக்குப் போய்விட்டது. எழுந்த பிறகுதான் என் அக்கா மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் மறுபடி அவளைப் பார்த்தார். இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் உடம்பு நின்றுகொண்டிருந்தது. எழுந்திருக்க அவருக்கு யோசனை தேவைப்படவில்லை. உட்காரத்தான் தேவைப்பட்டது. அந்த யோசனைக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

"வணக்கம்ங்க ஐயா," என்றாள் அவள். "நீங்க ஒக்காருங்க."

"மேடம் ஒக்காந்தாத்தான் ஒக்காரணும் அண்ணே," என்றார் சுபேதார்.

அவள் உட்கார்ந்தாள். அவர் உட்கார்ந்தார்.

வருடா வருடம் பிரெஞ்சுப் புரட்சி நடத்துகிறவன் நான். அதற்குத் தேவைப்பட்ட தலைகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியும். இங்கே ஒரு தலையும் விழவில்லை. ஒரு ஆள் கத்தினார், ஒரு ஆள் எழுந்தார். அவ்வளவுதான். வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய விஷயங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒரு நகைச்சுவைகூட வராதது எனக்கே பயமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் சுபேதாரின் மனைவி தட்டு வைத்தார். என் கண் தட்டைவிட்டு நகரவில்லை. எந்த அடுக்கில் இருந்து எடுக்கிறார், மற்ற தட்டுகளும் அதே அடுக்கா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே அடுக்குதான். இவ்வளவு படித்தும் என் கண் இந்த வேலையை விடவில்லை என்பதைக் கோழிக்குழம்பின் மணம் வந்து மறக்கடித்தது.

அங்கே இன்னொரு முட்டுக்கட்டை. மேடம் சாப்பிட்டு முடிக்கும்வரை தான் உட்காரக் கூடாது என்றார் சுபேதார். மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்க்காமல் தான் கை வைக்கக் கூடாது என்றாள் அவள். அவர்கள் படையில் இருவருக்கும் இரண்டு சட்டம்; இரண்டும் சேர்ந்தால் யாரும் சாப்பிட முடியாது போலிருக்கிறது. எனக்கு எந்தச் சட்டமும் பொருந்தாததால் ஆரம்பித்துவிட்டேன். நான் இரண்டாவது துண்டில் இருந்தபோது சுபேதாரின் மனைவி, "ரெண்டு பேரும் ஒக்காருங்க, ஆறிப்போவுது. பேஜாராக்கீது ஒங்க பட்டாளத்தோட," என்றார். உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வீட்டில் யாருக்கு உயர்ந்த பதவி என்பது அப்போது தெரிந்தது.

"மாமா, நீங்களும் வாங்க," என்று அந்த அம்மா பெரியவரைக் கூப்பிட்டார்.

"நான் சாப்ட்டேன்," என்றார் பெரியவர். மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, மூலையில் இருந்த டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். வெயிலுக்காகத்தான் இருக்கும். நான் இதற்கு மேல் அர்த்தம் கண்டுபிடிக்க விரும்பவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் அந்தத் தவறைத்தான் அதிகம் செய்கிறார்கள்.

கை கழுவிவிட்டு வந்ததும், "அடுத்த போஸ்டிங் எங்க மேடம்?" என்றார் சுபேதார். அவள் வாய் திறப்பதற்குள் நான் திறந்தேன். "வந்துரும். சென்னைக்கு. வேலைய விடுது," என்றேன். நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னேன். தூதனுக்கு இடம் பொருள் தெரியாது.

சுபேதார் என்னைப் பார்க்கவே இல்லை.

"அப்பிடியா மேடம்?"

"யோசிச்சிகினு இருக்கேன் சாப்."

அவர் வாசல்வரை வந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அடுத்த தடவ நீங்க வேலைய விட்டுட்டு சாதாரணமா வந்தாலும் நான் எழுந்திருப்பேன் மேடம். அண்ணன் எழுந்திருப்பாரான்னு சொல்ல முடியாது. நான் அந்தக் கொரல்ல கூப்புட முடியாது பாருங்க. அந்தக் கொரலு என்னுது இல்ல, ஒங்க ரேங்குக்கு வர்றது." நிறுத்தினார். "மனசுல பட்டுது, சொன்னேன். ஜெய்ஹிந்த் மேடம்."

திண்டிவனம் சாலைக்கு வந்ததும் நான் கட்சி மாறிவிட்டேன். அக்காவுக்குத் துரோகம்தான். நீ விடக்கூடாது என்றேன். நீ இருக்கும்வரைதான் பெரியவர் எழுவார் என்றேன். உன் தாத்தா துண்டை இறக்கிய இடத்தில் அவர் எழுந்து நின்றார், இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும் என்றேன். குரல் உடைந்தது. கட்டுரையில் இதை நான் அடித்திருப்பேன். பேச்சில் அடிக்க முடியவில்லை.

அவள் ஒரு டிராக்டரைத் தாண்டிப் போனாள்.

"அதுக்காக இருக்கக்கூடாது மாமா."

"ஏன்?"

"நாலு பேரு எழுந்திருக்கணும்னு பட்டாளத்துல இருக்கறவங்க இருக்காங்க. காலைல சொன்னேன் பாருங்க, பங்களாவும் நாயும், அவரு அந்த மாதிரி ஆளுதான். அவரப் பாத்துத்தான் மத்தவங்க ஓடறாங்க. நான் அப்பிடி ஆவணுமா?"

ஒரே நாளில் இரண்டு கட்சியிலும் தோற்ற ஆள் நான்தான்.

"ஆனா ஒண்ணு மாமா," என்றாள் கொஞ்ச தூரம் போனதும். வண்டியின் வேகம் குறைந்தது. "சுபேதார் சாப் ரிட்டயராயி வருசமாச்சி. அவரக் கேக்க ஆளு கெடையாது. கேன்டீன்ல எழுந்திருக்காம ஒக்காந்துகினு, 'ஒங்கக்கா பொண்ணா'ன்னு கேட்டுட்டுப் போயிருக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சப்பறமும் அவரு அப்பிடியே நின்னாரு. வீட்டுக்குக் கூப்புட்டாரு. பதினெட்டு வயசுல இந்த ஊர்லருந்து போனப்ப அவருக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது," என்றேன். அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய சாட்சி இல்லை.

"அப்ப யாரோ ஒரு ஆபிசர்கிட்டருந்துதான் இது அவருக்கு வந்திருக்கணும். ஒருத்தர் மட்டும் இல்ல, முப்பது வருசத்துல பல பேரு. அவரு சாப்புட்டாரான்னு கேட்டவங்க, அவர சாப்னு கூப்புட்டவங்க. அவங்கள்ல யாருக்கும் நம்ம ஊரு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. அவங்க பாட்டுக்கு ஒழுங்கா இருந்துட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு நான் அந்த வீட்ல சாப்புட்டேன்."

எதிரில் கரும்பு லாரி ஒன்று வந்தது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"என்கிட்ட இப்ப நூத்துக்கு மேல பசங்க இருக்காங்க மாமா. பீகார், ராஜஸ்தான், எங்கெங்கயோ. எல்லாரும் ஒருநாள் வீட்டுக்குப் போவாங்க. அவங்க தெருவுலயும் ஒரு பொண்ணு வந்து நிக்கும். இவன் எழுந்திருப்பானா, ஒக்காந்தே இருப்பானா? அது எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா..." என்று நிறுத்தினாள். "நான் போயிட்டா என் எடத்துக்கு அந்த நாயிக்காரர் மாதிரி ஒருத்தர் வந்துட்டா?"

அவள் அழவில்லை. ரேஷன் கணக்கு போடுகிற முகத்தோடுதான் சொன்னாள். பனி மூடுவதற்கு முன்னால் மேலே அனுப்ப வேண்டியதைப் பற்றிப் பேசும்போதும் அந்த முகம்தான். நான் புத்தகங்களில் பெரிய மனிதர்கள் முடிவெடுக்கும் இடங்களை நிறையப் படித்திருக்கிறேன். அங்கே மின்னல் வெட்டும், குதிரை கனைக்கும். தீவனூர் தாண்டி, ஏசி சரியாக வேலை செய்யாத காரில், கியர் மாற்றிக்கொண்டே ஒருத்தி முடிவெடுப்பதை நான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. மரியாதையாகக் காலைக் கீழே வைத்து உட்கார்ந்தேன்.

"இருக்கப் போறேன் மாமா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். மிக்ஸிப் பெட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அதில் முதல் முறையாக ஏதோ தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்ததும் மகள் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான். அக்கா நடுவில் நிறுத்தினாள்.

"யாரு? பெரியவரா?"

"ஆமாம்மா."

"எழுந்தாரா? நல்லாப் பாத்தியா?"

என்னைக் கேட்டாள். எழுந்தார் என்றேன். எந்த நாற்காலி, முழுசாக எழுந்தாரா, பாதியா, துண்டு எங்கே இருந்தது என்று கேட்டாள். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது நான் கொஞ்சம் புறாக்களைச் சேர்த்தேன். அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முந்தானையால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு மகள் காரில் சொன்னதைச் சொன்னாள். இருக்கப் போகிறேன் என்றாள். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிட்டது.

"நீ இங்க வந்துட்டா எனக்கு நல்லாருக்கும்," என்றாள் அக்கா கடைசியில். "அது எனக்கு நல்லாருக்கும். சரி. ஒனக்கு எது செரின்னு படுதோ செய்." எழுந்தவள், சமையலறை வாசலில் திரும்பினாள். "அவங்க வீட்ல சாப்ட்டியே, நம்ம வீட்டுக்கு வாங்கன்னு கூப்ட்டியா?"

கூப்பிடவில்லை. மேஜரும் மறந்துவிட்டாள், பேராசிரியரும் மறந்துவிட்டார். அக்கா எங்களைப் பார்த்த பார்வையில் இரண்டு பேருக்கும் பதவி இறக்கம் இருந்தது.

மகள் அங்கேயே சுபேதாருக்குப் போன் போட்டாள். அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"சொல்லுங்க மேடம். ஆர்டர் எதுனா?"

"ஆர்டர் இல்ல சாப். ஞாயித்துக்கெழம மதியானம் அம்மா சாப்புடக் கூப்புடறாங்க. எங்க வீட்டுக்கு."

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி இழுக்கப்படுகிற மாதிரி கேட்டது. யாரிடமோ போனை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரியும் இருந்தது. அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"மேடம்," என்றார் சுபேதார். "எத்தினி பேரு வரலாம்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"எத்தினி பேரு எழுந்து வர்றாங்களோ அத்தினி பேரும் வரட்டும்," என்றாள் அக்கா.